ஏஐ ஃபீனிசிஸ்: ஒரே ஒளி வளைவை அளந்த பல கைகள்

ஃபீனிக்ஸ் விண்மீன் குழுவில், நம்மிடமிருந்து ஏறக்குறைய 550 ஒளியாண்டு தொலைவில், இரண்டு விண்மீன்கள் 24.59 நாளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. அவற்றின் சுற்றுத்தளத்தை நாம் கிட்டத்தட்டப் பக்கவாட்டில் இருந்து பார்க்கிறோம். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை இது அதை மறைக்கும், அப்புறம் அது இதை மறைக்கும். இப்படிப்பட்ட ஜோடிகளுக்குக் கிரகண இரட்டை விண்மீன்கள் என்று பெயர். இந்த ஜோடியை ஏஐ ஃபீனிசிஸ் என்கிறார்கள். (செயற்கை நுண்ணறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒளி மாறும் விண்மீன்களுக்கு எழுத்துகளால் பெயரிடும் பழைய முறையில் வந்த பெயர் இது.)

2020இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியர் மாக்ஸ்டெட் தலைமையிலான குழு, நாசாவின் டெஸ் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த தரவைக் கொண்டு இந்த இரண்டின் அளவுகளை வெளியிட்டது. வெப்பமான சிறிய விண்மீனின் நிறை 1.1938 சூரிய நிறை, ஆரம் 1.8050 சூரிய ஆரம். குளிர்ந்த பெரிய விண்மீனுக்கு நிறை 1.2438, ஆரம் 2.9332. நிறைகளில் பிழை வரம்பு 0.0008. ஆரங்களில் 0.0022, 0.0023. கிலோமீட்டரில் சொன்னால், பெரிய விண்மீனின் ஆரம் சுமார் 20 லட்சத்து 40 ஆயிரம். அதில் ஐயத்துக்கு இடமிருப்பது 1,600 கிலோமீட்டர் மட்டும். பூமியின் ஆரத்தில் கால் பங்கு! டெஸ் எடுத்த படங்களில் இந்த இரண்டு விண்மீன்களும் சேர்ந்து ஒரே ஒரு புள்ளியாகத்தான் தெரிகின்றன.

இந்தத் துல்லியமே வியப்புக்குரியது. ஆனாலும் இந்த ஆய்வை நான் உயர்வாக நினைப்பதற்குக் காரணம், அந்த எண்கள் வந்த விதம். ஒரே ஒளி வளைவைப் பல ஆய்வாளர்கள் தனித்தனியே, தங்களுக்குப் பழகிய மென்பொருளில், தங்கள் வழியில் அலசினார்கள். பிறகு விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஓர் அளவுக்கு அருகே எழுதப்படும் பிழை வரம்பை நம்பலாமா? அதை இவ்வளவு வெளிப்படையாகச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகள் குறைவு.

ஆரம் கிரகணத்தில் இருந்து, நிறை நிறமாலையில் இருந்து

விண்வெளித் தொலைநோக்கி இங்கே தருவது ஒன்றே ஒன்றுதான்: நேரம் போகப் போக வெளிச்சம் எப்படி மாறுகிறது என்ற வரைபடம். அதுதான் ஒளி வளைவு. ஏஐ ஃபீனிசிஸின் ஒளி வளைவில் ஒரு சுற்றுக்கு இரண்டு பள்ளங்கள் இருக்கும். குளிர்ந்த பெரிய விண்மீன் முன்னால் வந்து வெப்பமான சிறியதை மறைக்கும்போது விழுவது ஆழமான பள்ளம். டெஸ் பார்க்கும் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியில் மொத்த வெளிச்சத்தில் 40 சதவீதம் அளவுக்கு அப்போது காணாமல் போகிறது. இந்தப் பள்ளத்தின் அடி தட்டையாக இருக்கும். சிறிய விண்மீன் முழுதாக ஒளிந்திருக்கும் வரை வெளிச்சம் மேலும் குறையவும் வழியில்லை, கூடவும் வழியில்லை. சிறியது பெரியதின் முன்னால் வரும்போது விழும் இன்னொரு பள்ளம் இவ்வளவு ஆழமில்லை.

கிரகணம் தொடங்கியதில் இருந்து முடியும் வரை ஆகும் நேரம், இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகையைச் சொல்லும். வெளிச்சம் சரியும் வேகமும் தட்டையான அடிப்பகுதியின் நீளமும், ஒரு ஆரம் மற்றதைப் போல எத்தனை மடங்கு என்பதைச் சொல்லும். இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி சரிபாதியாக இல்லாமல் இருப்பதை வைத்து, சுற்றுப்பாதை வட்டமில்லை, நீள்வட்டம் என்று தெரிந்துகொள்கிறோம்.

இதில் ஒரு குறை உண்டு. ஒளி வளைவு தரும் ஆரங்கள் எல்லாம், இரண்டு விண்மீன்களுக்கும் இடையிலான தூரத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில்தான் கிடைக்கும். அந்தத் தூரம் எத்தனை கிலோமீட்டர் என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல நிறமாலை வேண்டும், அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியும் அதில் தெரியும் கோடுகளும். ஏஐ ஃபீனிசிஸின் நிறமாலையில் இரண்டு விண்மீன்களின் கோடுகளும் தனித்தனியாகத் தெரிகின்றன. இது பெரிய அதிர்ஷ்டம். விண்மீன் நம்மை நோக்கி வரும்போது கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். அந்த நகர்வில் இருந்து சிறியதின் வேகம் வினாடிக்குச் சுமார் 51 கிலோமீட்டர், பெரியதின் வேகம் சுமார் 49 கிலோமீட்டர் என்று கிடைக்கிறது. மெதுவாகப் போவதுதான் கனமானது. வேகத்தையும் சுற்றுக்காலத்தையும் வைத்து இடைவெளியைக் கணக்கிட்டால் சுமார் 3 கோடியே 33 லட்சம் கிலோமீட்டர் வருகிறது. அங்கிருந்து ஈர்ப்பு விதி நிறைகளைத் தந்துவிடுகிறது.

நிறை வேகத்தின் மூன்றாம் படியைப் பொறுத்தது. வேகத்தில் 0.1 சதவீதம் தவறினால் நிறையில் 0.3 சதவீதம் தவறும். ஏஐ ஃபீனிசிஸுக்கு அந்த 0.1 சதவீதம் என்பது வினாடிக்கு 50 மீட்டர். வெவ்வேறு நவீன நிறமாலைமானிகள் அளந்த வேகங்கள் இந்த 0.1 சதவீதத்துக்குள் ஒத்துப்போகின்றன என்பது 2020 ஆய்வின் முடிவுகளில் ஒன்று. நிறமாலைமானிகள் எல்லாம் தரையில் உள்ள தொலைநோக்கிகளில் இருப்பவை. விண்வெளித் தொலைநோக்கி ஒரு விண்மீனின் நிறையை அளந்தது என்று எங்காவது படித்தால், அந்த வேலையில் பாதியைத் தரையில் யாரோ செய்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

தரையில் இருந்து பார்த்தபோது

இந்த விண்மீன் ஒளி மாறுவது என்று 1972இல் ஸ்ட்ரோமையர் அறிவித்தார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இதைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். கவனிப்பது லேசான காரியமாக இல்லை. சுற்றுக்காலம் 24.59 நாள். ஒவ்வொரு கிரகணமும் அரை நாளுக்கும் மேல் நீடிக்கிறது. கிரகணம் தொடங்கி முடியும் வரை நீளும் இரவு, துருவப் பகுதி தவிர, எந்த வானாய்வகத்துக்கும் வாய்க்காது. தொடக்கத்தை ஒரு பருவத்தில், அடிப்பகுதியை இன்னொரு பருவத்தில், ஏற்றத்தை மற்றொரு வருடத்தில் என்று துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் ஒரு முழுப் பள்ளத்தை உருவாக்க முடிந்தது. ஒவ்வொரு இரவும் காற்று வேறு, ஈரப்பதம் வேறு, கருவியின் நிலையும் வேறு. துண்டுகளை ஒட்டும் இடங்களில் எல்லாம் சின்னச் சின்னத் தவறுகள் நுழைந்துவிடும்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: இது 8.6 அளவு ஒளிமையுள்ள விண்மீன். வெறும் கண்ணுக்குத் தெரியாது, நல்ல பைனாகுலரில் தெரியும். தமிழ்நாட்டில் இருந்து நவம்பர் கடைசியில் இரவு 9 மணி வாக்கில் தெற்கு வானில் உச்சிக்கு வரும். அது மழைக்காலம் என்பதால் டிசம்பர் இறுதி, ஜனவரி முன்னிரவுகளில் தென்மேற்குப் பக்கம் தேடுவது நல்லது.

2010இல் டாரஸ், ஆண்டர்சன், ஹிமெனெஸ் மூவரும் நிறையும் ஆரமும் 3 சதவீதத்துக்குள் தெரிந்த 95 இரட்டைகளைத் திரட்டி வெளியிட்டார்கள். அந்தப் பட்டியலில் ஏஐ ஃபீனிசிஸும் இருந்தது. ஆரங்கள் 1.818, 2.932, பிழை வரம்பு முறையே 0.024, 0.048. 2016இல், வேற்றுக்கோள்களை (வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களை) தேடும் வாஸ்ப் திட்டத்தின் தரைக் கேமராக்கள் சேர்த்த தரவை வைத்துக் கிர்க்பி-கென்ட்டும் கூட்டாளிகளும் மறுபடி அளந்தார்கள். அப்போது வந்தவை 1.835, 2.912, பிழை வரம்பு இரண்டுக்கும் 0.014. அப்புறம் 2020இல் 1.8050, 2.9332.

இந்த மூன்று ஜோடி எண்களையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2016க்கும் 2020க்கும் நடுவில் சிறிய விண்மீனின் ஆரம் 0.030 குறைந்திருக்கிறது. 2016 ஆய்வு சொன்ன பிழை வரம்பைப் போல இரு மடங்குக்கும் மேல். பெரியது அதே நேரத்தில் 0.021 கூடியிருக்கிறது. ஒன்று குறைய மற்றது கூடியது தற்செயல் இல்லை. இரண்டு ஆரங்களையும் கூட்டிப் பாருங்கள்: 2010இல் 4.750, 2016இல் 4.747, 2020இல் 4.738. பத்து வருடத்தில் கால் சதவீதம்கூட அசைய­வில்லை. வகுத்துப் பாருங்கள்: 1.613, 1.587, 1.625. இங்கே இரண்டு சதவீதத்துக்கு மேல் ஆட்டம் இருக்கிறது.

காரணம் கிரகணத்திலேயே இருக்கிறது. கூட்டுத்தொகையைத் தீர்மானிப்பது கிரகணம் மொத்தமாக நீடிக்கும் நேரம். அதைத் துண்டு துண்டான தரவில் இருந்தும் நன்றாகவே பிடித்துவிடலாம். விகிதத்தைத் தீர்மானிப்பது சரிவின் நுணுக்கமான வடிவம்: எந்த நிமிடத்தில் சரிவு முடிந்து தட்டை தொடங்குகிறது, பள்ளத்தின் ஆழம் சரியாக எவ்வளவு. இரவுக்கு இரவு அரை சதவீதம் ஏறி இறங்கும் தரவில் அந்த நுணுக்கம் கரைந்துவிடும். அப்போது கணினி ஒரு ஆரத்தைக் கொஞ்சம் கூட்டி, மற்றதைக் கொஞ்சம் குறைத்து, ஏறத்தாழ அதே அளவு பொருந்தும் இன்னொரு விடையைக் கொடுத்துவிடும். கிரகண இரட்டைகளைப் பற்றிய எந்தக் கட்டுரையைப் படித்தாலும் நான் முதலில் விகிதத்தைத்தான் பார்ப்பேன். அங்கேதான் தரவின் தரம் வெளிப்படும்.

டெஸ் கொண்டுவந்த மாற்றம்

டெஸ் 2018 ஏப்ரல் 18 அன்று ஏவப்பட்டது. 13.7 நாளுக்கு ஒரு முறை பூமியைச் சுற்றும் நீண்ட பாதையில் இருந்துகொண்டு, வானத்தின் ஒரு பட்டையைச் சுமார் 27 நாள் விடாமல் பார்க்கும். பிறகு அடுத்த பட்டைக்கு நகரும். இரண்டாவது பட்டையை 2018 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பார்த்தபோது ஏஐ ஃபீனிசிஸ் அதில் இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு அளவு வீதம் பதிவானது. சுற்றுக்காலம் 24.59 நாள், பார்வைக் காலம் 27 நாள். ஆழமான கிரகணம் ஒன்றும் ஆழம் குறைந்தது ஒன்றும் முழுதாகச் சிக்கின. தரையில் பல வருடம் ஒட்டுப்போட்டுச் செய்ததை ஒரே கருவி ஒரே மாதத்தில் முடித்துவிட்டது.

ஆனால் டெஸ் தரவும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் வருவதில்லை. அதன் கேமரா லென்ஸ்கள் 10.5 சென்டிமீட்டர் அகலம்தான். படத்தின் ஒரு பிக்சல் வானத்தில் 21 வில்வினாடியை அடக்கிக்கொள்ளும் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு வில்வினாடி). பக்கத்தில் உள்ள மங்கலான விண்மீன்களின் ஒளியும் அதில் கலந்துவிடலாம். பூமியில் இருந்தும் நிலவில் இருந்தும் சிதறி வரும் வெளிச்சம் அவ்வப்போது உள்ளே விழும். தரவைப் பூமிக்கு அனுப்பும் நேரத்தில் நடுவில் ஒரு இடைவெளி விழும். இவற்றால் ஒளி வளைவில் மெதுவான ஏற்ற இறக்கம் ஒன்று இருக்கும். அதை நீக்கினால்தான் கிரகணம் சுத்தமாகத் தெரியும். அரை நாளுக்கு மேல் நீளும் கிரகணத்தையும், நாள்கணக்கில் மெதுவாக நகரும் கருவிப் பிழையையும் பிரிக்கும்போது கொஞ்சம் கை மிஞ்சினாலும் பள்ளத்தின் ஆழமே மாறிவிடும்.

இப்படி ஆய்வாளர் தானே முடிவெடுக்க வேண்டிய இடங்கள் பல. கருவிப் பிழையை எந்த வளைகோட்டால் நீக்குவது? விண்மீனின் வட்டு நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் இருக்கும். அந்த ஓர மங்கலை எந்தச் சமன்பாட்டால் குறிப்பது, அதன் எண்களைக் கோட்பாட்டில் இருந்து எடுப்பதா, தரவையே தீர்மானிக்க விடுவதா? பக்கத்து விண்மீனின் கலப்பு ஒளி எவ்வளவு? விண்மீனை உருண்டை என்று வைத்துக்கொள்ளலாமா, ஈர்ப்பால் கொஞ்சம் நீண்டிருக்கிறது என்று கணக்கிட வேண்டுமா?

மென்பொருள்களும் ஒன்றைப் போல ஒன்று இல்லை. 1971இல் வந்த வில்சன்-டெவின்னி முறை விண்மீனின் மேற்பரப்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் ஒளியையும் கூட்டும். தரைத் தரவுக்கு அது தாராளமாகப் போதும். விண்வெளித் தரவின் நுட்பத்துக்கு வரும்போது, கட்டங்கள் போதிய அளவு சிறிதாக இல்லையென்றால் கணக்கே ஒரு சிறு இரைச்சலை, அதாவது தாறுமாறான ஏற்ற இறக்கத்தை, உண்டாக்கும். ஜான் சவுத்வொர்த்தின் ஜேகேடி-ஈபாப் மிக வேகமானது; விலகி நிற்கும் ஜோடிகளுக்கு ஏற்றது. மாக்ஸ்டெட் எழுதிய எல்க், ஆந்த்ரே பிர்ஷாவும் கூட்டாளிகளும் வளர்த்த ஃபீபி ஆகியவை பிந்தைய தலைமுறை. ஒவ்வொன்றுக்கும் பழகிய கைகள் உண்டு. 2020 கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் சவுத்வொர்த், பிர்ஷா, டாரஸ் எல்லோரும் இருக்கிறார்கள். தங்கள் கருவியை இன்னொருவர் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சம்மதித்து வந்தவர்கள் என்பதால் இந்தப் பட்டியல் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முடிவு இரண்டு பங்கானது. வெவ்வேறு முறைகள் தந்த ஆரங்கள் மிக நன்றாக ஒத்துப்போயின. ஆனால் சில முறைகள் தங்கள் பிழையைக் குறைத்து மதிப்பிட்டிருந்தன.

இந்த இரண்டாவது வாக்கியம்தான் 2020 கட்டுரையின் உயிர் என்று நினைக்கிறேன். பிழை வரம்பைக் கணக்கிடும் வழக்கமான வழிகள், ஒரு அளவில் உள்ள இரைச்சலுக்கும் அடுத்த அளவில் உள்ள இரைச்சலுக்கும் தொடர்பில்லை என்று எடுத்துக்கொள்கின்றன. உண்மையில் விண்மீனின் மேற்பரப்பு கொதித்துப் புரள்கிறது, கரும்புள்ளிகள் வந்து போகின்றன, கருவி மெதுவாக நகர்கிறது. அடுத்தடுத்த அளவுகள் ஒன்றாகவே கொஞ்சம் மேலும் கீழுமாகப் போகின்றன. ஆயிரக்கணக்கான அளவுகளைத் தொடர்பில்லாதவை என்று நம்பிவிட்டால் பிழை வரம்பு சுருங்கிக்கொண்டே போகும். காகிதத்தில் அழகாக இருக்கும், உண்மையில் விடை அந்த எல்லைக்கு வெளியே கிடக்கும். ஒரே ஆள் ஒரே மென்பொருளில் எத்தனை முறை ஓட்டினாலும் இது கண்ணுக்குப் படாது. பல கைகளின் விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இந்தத் துல்லியத்தில் சூரியனையே வரையறுக்க வேண்டியிருக்கிறது. ஒரு சூரிய ஆரம் என்றால் எவ்வளவு? 2015இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதை 6,95,700 கிலோமீட்டர் என்று பெயரளவு மதிப்பாக நிர்ணயித்தது. நிறைக்கும் இப்படியொரு சிக்கல் உண்டு. ஈர்ப்பு மாறிலியையும் சூரியனின் நிறையையும் பெருக்கினால் வரும் எண் நமக்கு மிகத் துல்லியமாகத் தெரியும். ஈர்ப்பு மாறிலி மட்டும் தனியாக அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. அதனால் விண்மீனின் நிறையைக் கிலோகிராமில் சொல்வதைவிடச் சூரிய அலகில் சொல்வதே சரி.

நான்கு சதவீத நிறை, அறுபது சதவீத ஆரம்

இவ்வளவு கஷ்டப்பட்டு அளந்து என்ன பயன் என்று கேட்கலாம். ஏஐ ஃபீனிசிஸின் இரண்டு விண்மீன்களும் ஒரே மேகத்தில், ஒரே காலத்தில் பிறந்தவை. வயதும் ஒன்று, பிறந்தபோது இருந்த வேதிப்பொருளும் ஒன்று. நிறையில் வித்தியாசம் 4 சதவீதம். ஆரத்தில் வித்தியாசம் 60 சதவீதத்துக்கும் மேல். கொஞ்சம் கனமான விண்மீன் தன் மையத்தில் இருந்த ஹைட்ரஜனை முதலில் தீர்த்துவிட்டு, உப்பிக் குளிரத் தொடங்கிவிட்டது. லேசானது இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. விண்மீனின் வாழ்நாளில் இந்த மாற்றம் சட்டென்று நடப்பது. இரண்டில் ஒன்று அந்தக் குறுகிய காலத்தில் இருக்கும்போதே நமக்குப் பார்க்கக் கிடைத்திருக்கிறது.

இதனால் இந்த ஜோடி கோட்பாடுகளுக்கு மிகக் கடுமையான தேர்வாகிறது. இரண்டு விண்மீன்களும் ஒரே வயதில் இந்த இரண்டு ஆரங்களையும் காட்ட வேண்டும் என்றால், விண்மீன் எப்படி வளர்கிறது என்று கணக்கிடும் கோட்பாட்டு மாதிரியில் உள்ள ஹீலியத்தின் அளவும் வெப்பம் மேலே கடத்தப்படும் விதமும் சரியாக இருக்க வேண்டும். அதிலும் 1.2 சூரிய நிறை என்பது சிக்கலான இடம். ஏறக்குறைய அந்த நிறையில்தான் விண்மீனின் மையமே கொதித்துக் கலங்கத் தொடங்குகிறது. கலக்கம் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதைப் பொறுத்து மையத்துக்குக் கிடைக்கும் எரிபொருளும், அதனால் வயதும் மாறும். ஆரத்தை 1.5 சதவீதப் பிழையோடு வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது; பல மாதிரிகள் ஒரே நேரத்தில் பொருந்திவிடும். 0.1 சதவீதத்துக்கு வந்தால் பெரும்பாலானவை விழுந்துவிடும்.

வேற்றுக்கோள்களுக்கும் இது நேராகத் தொடர்புள்ளது. ஒரு கோள் தன் விண்மீனைக் கடக்கும்போது நாம் அளப்பது, கோளின் ஆரம் விண்மீனின் ஆரத்தில் எத்தனை பங்கு என்பதைத்தான். விண்மீனின் ஆரம் தவறினால் கோளின் ஆரமும் அதே அளவு தவறும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் பிளேட்டோ திட்டம் 26 கேமராக்களோடு பிரகாசமான விண்மீன்களைப் பார்க்கப் போகிறது. சூரியனைப் போன்ற விண்மீன்களின் வயதை 10 சதவீதத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. தனியாக இருக்கும் விண்மீனின் வயதை நேரடியாக அளக்க வழியில்லை, மாதிரியை நம்பித்தான் ஆக வேண்டும். அந்த மாதிரியை உரசிப் பார்க்கும் கல் ஏஐ ஃபீனிசிஸ் போன்ற ஜோடிகள்தான்.

வெப்பநிலையையும் இதே போலத் தனியாகப் பிடித்துவிட்டார்கள். சிலியின் பரானல் மலையில் நான்கு தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து, கலேனும் கூட்டாளிகளும் இந்த ஜோடியை இரண்டு புள்ளிகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். வானத்தில் அவற்றின் இடைவெளி ஒரு வில்வினாடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. அந்தக் கோணத்தையும் கிலோமீட்டரில் தெரிந்த இடைவெளியையும் சேர்த்தால் தொலைவு கிடைக்கிறது, அதுவும் அரை சதவீதத்துக்குக் குறைவான பிழையோடு. தொலைவைச் சொல்லும் இன்னொரு வழியாக, கையா விண்கலம் அளந்த இடமாறு தோற்றமும் (நாம் சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறித் தெரியும் அளவு) இருக்கிறது. தொலைவும் ஆரமும் தெரிந்தால் விண்மீனின் கோண விட்டம், அதாவது வானத்தில் அதன் அகலம், தெரியும். கோண விட்டமும் நம்மிடம் வந்து சேரும் மொத்த ஒளியும் தெரிந்தால் மேற்பரப்பு வெப்பநிலை தெரியும். மில்லர், மாக்ஸ்டெட், ஸ்மாலி மூவரும் இதைச் செய்து 2020இல் வெளியிட்ட எண்கள்: சிறியதுக்கு 6,199 கெல்வின், பிழை 22, பெரியதுக்கு 5,094 கெல்வின், பிழை 16. நிறமாலையை மாதிரியோடு பொருத்தித் தோராயமாகச் சொல்லும் வெப்பநிலை இல்லை இது. வெப்பநிலை என்பதன் வரையறையில் இருந்தே வந்தது.

டெஸ் தன் முதல் இரண்டு வருடத்தில் பார்த்தவற்றில் இருந்து பிர்ஷாவின் குழு 2022இல் 4,584 கிரகண இரட்டைகளைப் பட்டியலிட்டது. இவற்றில் ஏஐ ஃபீனிசிஸுக்குச் செய்ததைச் செய்யக்கூடியவை சிலதான். இரண்டு விண்மீன்களும் ஒன்றையொன்று இழுத்து உருக்குலைக்காத தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டின் கோடுகளும் நிறமாலையில் தெரிய வேண்டும். நிறமாலைமானிக்குப் போதிய வெளிச்சம் வேண்டும். கிரகணம் முழுமையானதாக இருந்தால் ஆரங்களின் விகிதம் வலுவாகக் கிடைக்கும். நீண்ட சுற்றுக்காலம் உள்ளவை டெஸின் 27 நாள் பார்வையில் ஒரு பள்ளத்தை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன. அவற்றின் இரண்டாவது பள்ளத்துக்காக அதே பட்டைக்கு டெஸ் திரும்பி வரும் வரை காத்திருக்கிறார்கள்.